குண்டு கிராமங்களும் குருவிக்காரர் துப்பாக்கியும்



போன வாரம் காலை நடை முடிந்து திரும்பும்போது பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் வாசலில் நிறுத்தினார். அவர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு சப்போட்டா, ஒரு கொய்யா, ஒரு மாதுளை.

"சார், அணிலு தொல்ல தாங்கல சார். ஒரு பழம் முழுசா வுட மாட்டேங்குது. ஏர் கன் ஒண்ணு வாங்கிட்டேன். லைசென்ஸ் கூட வேணாமாம்" என்றார்.

நான் ஏதும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "முன்னல்லாம் வீராணம் பக்கம் எவ்ளோ கொக்கு, எவ்ளோ மடையான் இருக்கும்! எல்லாத்தையும் இந்தக் குருவிக்காரனுங்க சுட்டே தீத்துட்டானுங்க சார்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். கையில் துப்பாக்கியும் அவருடையது, குற்றச்சாட்டும் அவருடையது. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவருக்கு அந்த முரண்பாடு கண்ணில் படவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். நம் ஊரில் துப்பாக்கிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. யார் சுட்டால் வீரம், யார் சுட்டால் விளையாட்டு, யார் சுட்டால் குற்றம் என்று பிரித்து வைத்ததும் அந்த வரலாறுதான். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

*

முதலில் 1690-ஆம் ஆண்டுக்குப் போவோம்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், ஒரு கோட்டையின் எல்லையைப் பீரங்கியால் அளந்த ஊர் இது என்று? அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முகலாயர் துரத்த, தெற்கே வந்து செஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவருக்குப் பணம் தேவைப்பட்டது, ஆங்கிலக் கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் இன்னொரு பிடிமானம் தேவைப்பட்டது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் ஆளுநர் எலிகு யேல். அமெரிக்காவில் அந்தப் பெயரில் இருக்கும் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியதுதான்.

அந்த விற்பனையில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு தூரத்து நிலமும் கம்பெனிக்கு. ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து பெரிய பீரங்கியைக் கொண்டுவந்து, கெட்டிக்காரப் பீரங்கிக்காரரை வைத்துச் சுற்றிலும் சுடச் சொன்னார்கள். செப்டம்பர் மாதம் குண்டுகள் பறந்தன. அவை விழுந்த வட்டத்துக்குள் கடலூர் நகரமும் பல கிராமங்களும் அடங்கிவிட்டன. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு குண்டு விழுந்ததால் ஒரு கிராமத்தின் சொந்தக்காரர் மாறினார். அந்த ஊரில் உழுதுகொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை.

பிறகு நம் பகுதி முழுக்க ஒரு நூற்றாண்டு வெடிமருந்து வாசனைதான். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமே புனித டேவிட் கோட்டைக்கு வந்தது. 1758-இல் லாலி அதைப் பிடித்து இடித்தார். 1781-இல் ஹைதர் அலியின் படை சிதம்பரம் கோயிலையே அரணாக்கி வைத்திருந்தது. ஜூன் மாதம் அதைத் தாக்கிய அயர் கூட்டின் படை தோற்றுப் பின்வாங்கியது. அடுத்து ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் நடந்த போரில் ஹைதர் தோற்றார். 1783-இல் மறுபடியும் கடலூர் முற்றுகை. 1830-இல் அதே பரங்கிப்பேட்டையில் ஜோசையா ஹீத் என்பவர் இரும்பு ஆலை ஒன்றைத் தொடங்கினார். வகுப்பில் இதையெல்லாம் பாடமாக நடத்தும்போது பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பீரங்கி என்றாலே ஒரு கம்பீரம். அந்தப் பீரங்கிகள் எத்தனை பேரைக் கொன்றன என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

*

இனி சின்னத் துப்பாக்கிக்கு வருவோம்.

நம் பக்கம் குருவிக்காரர் என்போம், பொதுவாக நரிக்குறவர் என்போம். (குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. குறவர் தமிழ் மண்ணின் பழங்குடி, சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணைக்குரியவர்.) நரிக்குறவர் தங்களை 'வாக்ரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி குஜராத்திக்கு நெருக்கமான வடமொழிக் குடும்பத்து மொழி. எழுத்து கிடையாது. தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து பேசி நம்மோடு வியாபாரம் செய்துவிட்டு, தங்களுக்குள் அந்த மொழிக்குத் திரும்பிவிடுவார்கள்.

சிவாஜியின் படையோடு வந்தவர்கள் நாங்கள் என்று அவர்களிடையே ஒரு வாய்மொழிக் கதை உண்டு. சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-இல், மராத்தியர் அதை முகலாயரிடம் இழந்தது 1698-இல். கதை எவ்வளவு உண்மையோ, செஞ்சி நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் கதைப்படி பார்த்தால், தேவனாம்பட்டினத்தை விற்ற மராத்தியரின் தோல்வியோடுதான் அவர்களுடைய அலைச்சலும் தொடங்குகிறது.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் குருவிக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். பறவை பிடிப்பவர்கள், நரி வேட்டையாடுபவர்கள் என்கிறார். வலை விரித்து வைத்து, நரி போலவே ஊளையிட்டு, வருகிற நரியைப் பிடிப்பதைச் சொல்கிறார். ஆக அவர்களுடைய அடிப்படை ஆயுதம் வலையும் கண்ணியும் தொண்டையும்தான். பறவை மாதிரிக் கூப்பிட்டுப் பறவையை வரவழைப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி அந்த வித்தையோடு சேர்ந்துகொண்ட ஒரு கருவி.

அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது? நீண்ட ஒற்றைக் குழல். பின்பக்கம் திறந்து தோட்டா போடும் வகை அல்ல, வாய் வழியாகவே எல்லாவற்றையும் போட வேண்டும். முதலில் கருமருந்து. அதன்மேல் தேங்காய் நார், அல்லது கந்தல், அதை ஒரு கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். பிறகு ரவைக் குண்டுகள், மறுபடி நார். பின்னால் சிறு கேப்பு. விசையை இழுத்தால் சுத்தி கேப்பில் விழுந்து, பொறி உள்ளே போய், மருந்து பற்றும். ஒரு முறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் தோப்பில் இருக்கும் எல்லா உயிரும் பறந்தோடிவிடும். ஆகவே ஒரு வெடிக்கு ஒரு வாய்ப்பு. குறி தப்பினால் அன்றைக்குச் சட்டியில் ஒன்றும் இல்லை.

ராணுவங்கள் இந்த வகைத் துப்பாக்கியை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே கைவிட்டுவிட்டன. உலகம் தூக்கிப் போட்ட கருவியை வைத்துக்கொண்டு இவர்கள் அடுத்த நூறு ஆண்டு பிழைத்தார்கள்.

இவர்கள் எதைச் சுட்டார்கள்? கொக்கு, மடையான், உள்ளான், காடை, கவுதாரி, புறா, பழந்தின்னி வௌவால், முயல், அணில். அணிலைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். நம் வீட்டைச் சுற்றி ஓடும் மூன்று கோட்டு அணில் சுமார் 100 கிராம் எடைதான் இருக்கும். தோல், எலும்பு, குடல் போனால் ஒரு கைப்பிடி கறி தேறாது. மருந்து, குண்டு, கேப்பு எல்லாம் காசு. ஒரு அணிலுக்காக ஒரு வெடியைச் செலவழிப்பது கட்டுப்படியாகாத வியாபாரம். பிறகு ஏன் சுட்டார்கள்? பெரும்பாலும் நாம் கூப்பிட்டதால்தான்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெய்வேலிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். முந்திரி பழுக்கும் பங்குனி, சித்திரையில் அணில் கூட்டம் கொட்டையைக் கொறித்து, பழத்தைக் கடித்துத் தள்ளும். இரவில் வௌவால் வரும். தோப்புக்காரர்கள் குருவிக்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். நாலு நாள் தோப்பில் தங்கிக்கொள்ளலாம், சுட்டதை எடுத்துக்கொள்ளலாம், கூடவே கொஞ்சம் அரிசி. வயலில் எலி பிடிக்க இருளரைக் கூப்பிட்டார்கள், தோப்பில் அணிலை விரட்டக் குருவிக்காரரைக் கூப்பிட்டார்கள். அறுவடை முடிந்ததும் இரண்டு பேரையும் ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்.

பிள்ளைக்குக் கக்குவான் இருமல் என்றால் அணில் கறி கேட்டு, இருட்டியபின் அவர்கள் கூடாரத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளும் நம் ஊரில் உண்டு. அந்த வைத்தியத்தில் பலன் எதுவும் இருப்பதாக எந்த மருத்துவரும் சொன்னதில்லை. கக்குவானுக்கு இன்று தடுப்பூசி இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. கேட்டவர் பெயர் கெடவில்லை, கொடுத்தவர் பெயர்தான் கெட்டது.

*

கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம்.

அமெரிக்காவில் கிழக்குக் காடுகளில் குடியேறியவர்களுக்கு அணில் முக்கியமான இறைச்சி. அங்குள்ள அணில் நம் அணிலைவிடப் பல மடங்கு பெரியது. அதைச் சுடுவதற்கென்றே நீண்ட குழலும் சிறிய வாயும் கொண்ட துப்பாக்கிகளைச் செய்தார்கள். குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பெரிய குண்டு பட்டால் கறி சிதைந்துவிடும், ஈயமும் மருந்தும் வீண். அவையும் வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிகளே. நம் குருவிக்காரர் துப்பாக்கிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொல்லலாம். அணிலைச் சுடாமல், அது உட்கார்ந்திருக்கும் கிளையின் பட்டையைச் சுட்டு, அந்த அதிர்ச்சியிலேயே அணிலை வீழ்த்தும் வித்தையை டேனியல் பூன் தனக்குச் செய்து காட்டியதாகப் பறவை ஓவியர் ஆடுபான் எழுதி வைத்திருக்கிறார்.

1862 செப்டம்பரில், அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சின்சினாட்டி நகரத்தைத் தெற்குப் படை நெருங்கியது. ஒஹையோ மாநில ஆளுநர் டேவிட் டாட், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாருங்கள் என்று அழைத்தார். பண்ணைகளிலிருந்தும் காடுகளிலிருந்தும் 15,000-க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பழைய வேட்டைத் துப்பாக்கிகளோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வரலாற்றில் கிடைத்த பெயர் 'அணில் வேட்டைக்காரர்கள்'. பெரிய சண்டை நடக்கவில்லை, எதிரிப்படை திரும்பிப் போனது. அரசு அவர்களுக்கு நன்றிப் பத்திரம் கொடுத்தது. அந்தப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிப் பாதுகாத்த குடும்பங்கள் அங்கே உண்டு.

அங்கே 1862. இங்கே ஒன்பது ஆண்டு கழித்து, 1871-இல், குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறப்பினாலேயே ஒருவனைக் குற்றவாளி ஆக்கிய சட்டம் அது. பட்டியலில் பெயர் இருந்த சமூகங்கள் பட்ட பாடு ஒரு பக்கம். பெயர் இல்லாவிட்டாலும், கூடாரம் போட்டுச் சுற்றித் திரிகிறவன் என்றாலே சந்தேகம் என்ற பழக்கத்தை அது காவலருக்கும் கிராமத்தாருக்கும் ஊட்டிவிட்டது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் போனது. சட்டம் போனது, பழக்கம் போகவில்லை.

ஒரே மாதிரித் துப்பாக்கி, ஒரே பிராணி. ஒருவனுக்குப் பத்திரம், ஒருவனுக்குச் சந்தேகம்.

*

இனி துப்பாக்கிச் சட்டம். இதைப் பொறுமையாகப் படியுங்கள், என் பக்கத்துத் தெரு நண்பருக்கான பதில் இதில்தான் இருக்கிறது.

1857 கிளர்ச்சி வெள்ளையருக்குப் பெரிய பயத்தைக் கொடுத்துவிட்டது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. துரைகள் விடுமுறைக்குத் துப்பாக்கியோடு ஏரிக்கரைக்குப் போய் வாத்தும் உள்ளானும் சுட்டால் அது 'ஷிகார்'. எத்தனை சுட்டோம் என்று எண்ணி எழுதி வைப்பார்கள். அதே ஏரிக்கரையில் ஒருவன் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு மடையானைச் சுட்டால், முதல் கேள்வி 'உரிமம் எங்கே?'

சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்து, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையானது. அதன் 13-ஆம் பிரிவில் ஒரு நல்ல வரி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையாகவே வேண்டுமென்றால், வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. அதே பிரிவில், துப்பாக்கிக் கழக உறுப்பினர் குறிபார்க்கும் பயிற்சிக்கு 0.22 அங்குலத் துப்பாக்கி வைத்திருக்கவும் வழி இருக்கிறது. ஆக ஏழையின் நாட்டுத் துப்பாக்கியும் வசதி உள்ளவரின் விளையாட்டுத் துப்பாக்கியும் சட்டத்தில் அடுத்தடுத்துதான் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் உரிமம் பெற முகவரி வேண்டும், மனு எழுத வேண்டும், அலுவலகம் அலைய வேண்டும், குறித்த தேதியில் புதுப்பிக்க வேண்டும். கூடாரத்துக்கு ஏது கதவு எண்? உரிமம் வாங்கியவர்களும் தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, பிறகு போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய மனிதருக்கு அது ஒரு கார்ப் பயணம். இவர்களுக்கு அத்தனை நாள் தொழில் நிறுத்தம்.

1972-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேவையான சட்டம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது முதலில் வந்தபோது பொழுதுபோக்கு வேட்டையை அடியோடு நிறுத்தவில்லை. பெரிய வேட்டை, சிறிய வேட்டை என்று வகை பிரித்து, கட்டணம் வாங்கி உரிமம் கொடுக்க அதில் இடம் இருந்தது. 1991-இல் செய்த திருத்தத்தில்தான் அந்த உரிமங்கள் எடுக்கப்பட்டன. பணம் கட்டி வேட்டையாடுகிறவருக்குச் சட்டம் பத்தொன்பது ஆண்டு அவகாசம் கொடுத்தது. வேட்டையே பிழைப்பாக இருந்தவனுக்கு மாற்றுத் தொழில் என்ன என்று அந்தப் பத்தொன்பது ஆண்டும் யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து ஏர் கன். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். அதற்கு உட்பட்டது என்றால் வேண்டாம். நண்பர் சொன்னது சரிதான். ஆனால் உரிமம் வேண்டாம் என்பது துப்பாக்கி வைத்திருப்பதற்கு. எதை வேண்டுமானாலும் சுடலாம் என்பதற்கு அல்ல. வனவிலங்கு சட்டத்தின் பட்டியலில் இருக்கும் எதையும் எந்தக் கருவியால் கொன்றாலும் வேட்டைதான். வலையாக இருந்தால் என்ன, உண்டிவில்லாக இருந்தால் என்ன, ஏர் கன்னாக இருந்தால் என்ன? போதாக்குறைக்கு, வீடுகள் நெருங்கிய தெருவில் குறி தப்பிய சின்னக் குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதும்.

*

நம் தமிழ் மனசுக்கு அணில் சாதாரணப் பிராணி இல்லை. வால்மீகியிலும் கம்பனிலும் காணாத அணில், தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் வருகிறது. குரங்குகள் மலை தூக்க, அணில்கள் நீரில் நனைந்து மணலில் புரண்டு கடலை அடைக்கப் போகின்றன. அந்த அணிலுக்குக் கூட நான் ஈடில்லையே என்று ஆழ்வார் உருகுகிறார். ராமர் தடவிய மூன்று கோடு மக்கள் வாயில் வளர்ந்த கதை. அதைச் சொல்லாத ஆசிரியர் கிடையாது.

நானும் சொன்னேன். 1980-களின் நடுவில், ஆறாம் வகுப்பில். அதில் என் தவறு ஒன்று உண்டு. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்த வகுப்பில் குருவிக்காரர் குடியிருப்பிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். அங்கிருந்து எங்கள் பள்ளிப் படி ஏறிய முதல் பிள்ளை. நன்றாகப் படம் வரைவான். பறவை வரைந்தால் இது கொக்கு, இது மடையான் என்று எழுதிக் காட்ட வேண்டியதே இல்லை. நான் அணில் கதையை நெகிழ்ந்து சொல்லி முடித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், இவங்க அப்பா அணில சுட்டுத் திங்கிறாரு சார்!" வகுப்பே திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது.

நான் "உஷ்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. தோப்பு வைத்திருந்த வீட்டுப் பையன்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் தோப்பு அணில்களைத்தான் அவன் அப்பா சுட்டார். இதையெல்லாம் அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. ஒரு நாள் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தேன். "புள்ள வரமாட்டேங்குது சாமி" என்றார் அவன் அப்பா. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ராமருக்கு உதவிய அணிலுக்காக உருகிய நான், எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையை விட்டுவிட்டேன்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. 1823-இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த வள்ளலார், 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. அவரைவிடக் கண்டிப்பாகப் புலால் மறுத்தவர் யார்? ஆனால் அவர் சீவகாருண்யத்தின் முதல் வேலையாகச் சொன்னது பசி தீர்ப்பது. வந்தவன் என்ன சாதி, என்ன செய்கை என்று விசாரிக்காமல் தீர்ப்பது. கொல்லாதே என்று சொல்லும் உரிமை சோறு போடுகிறவனுக்கு இருக்கிறது என்பதை அவர் செய்து காட்டினார். நாம் அவருடைய முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்தவனுக்குப் போதிக்கிறோம்.

*

பிறகு என்ன நடந்தது? நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-இலேயே பரிந்துரைத்தது. இங்கே மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே அவர்கள் இருந்தார்கள். 2008-இல் தமிழ்நாடு அரசு தனி நல வாரியம் அமைத்தது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றின. நரிக்குறவர், குருவிக்காரர் இருவரும் பழங்குடியினர் ஆனார்கள். பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையே 57 ஆண்டு. என் வகுப்பிலிருந்து எழுந்து போன பையன் இருந்தால் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பான். அவன் பிள்ளைகளுக்கு அல்ல, பேரப் பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சான்றிதழ் பயன்படும்.

இன்று சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் சமயங்களில் தேர் வீதிகளில் பாருங்கள். பாசிமணி, ஊசிமணி, பிளாஸ்டிக் பொம்மை, பலூன் விற்றுக்கொண்டிருப்பார்கள். துப்பாக்கி பெரும்பாலும் போய்விட்டது. இன்னும் பறவை பிடிப்பவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். அவர்களிலும் உண்டு, மற்ற சாதிகளிலும் உண்டு. சாலையோரம் காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் இருக்கும்வரை அது நிற்காது.

வீராணத்துக் கொக்கு குறைந்ததற்கு அந்த ஒற்றைக் குழல் துப்பாக்கிதான் காரணம் என்று நம்புகிறவர்களை ஒன்று கேட்கிறேன். நம் ஏரிகள் தூர்ந்தது யாரால்? வயலில் நண்டும் நத்தையும் தவளையும் செத்துப்போகும் அளவுக்குப் பூச்சிமருந்து அடித்தது யார்? வரப்பில் நின்ற கருவேல மரத்தையும் புன்னை மரத்தையும் வெட்டி விற்றது யார்? ஒரு வெடிக்கு ஒரு பறவை சுட்டவன் நூறு ஆண்டில் செய்ய முடியாததை நாம் முப்பது ஆண்டில் செய்து முடித்தோம். வெடிச்சத்தம் கேட்காததால் அது வேட்டையாக நமக்குத் தெரியவில்லை.

நேற்று அந்த நண்பரை மறுபடி பார்த்தேன். இதையெல்லாம் அப்படியே சொல்லவில்லை, அவர் மனம் புண்படும். "பழத்துக்கு வலைப்பை கட்டுங்க, கடையில கிடைக்குது. கைக்கு எட்டாத உச்சிக் கொப்புப் பழத்தை அணிலுக்கே விட்டுடுங்க" என்றேன். சிரித்தார். "அப்ப ஏர் கன்ன என்ன பண்றது சார்?" என்றார். "வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க. குருவிக்காரர் கையில அதுமாதிரி ஒண்ணப் பாத்தா நாம என்ன சொல்லுவோம்னு ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்க அப்பா முந்திரித் தோப்பு வச்சிருந்தப்ப அவங்களத்தான் சார் கூப்புடுவாரு. மறந்தே போச்சு" என்றார்.

மறந்துபோவதுதான் நம் பிரச்சினை. அதனால்தான் எழுதினேன்.

என் பழைய மாணவர்களில் 1980-களின் நடுவில் அந்த ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் படம் வரையும் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், எனக்குத் தனியே தெரிவியுங்கள். பெயரை இங்கே பொதுவில் எழுத வேண்டாம். போய்ப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டு தாமதம்தான். ஆனாலும் அன்றைக்கு வகுப்பில் சொல்லாமல் விட்டதை அவனிடமாவது சொல்லிவிட வேண்டும்.

இதில் தகவல் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.